மெமரி டெஸ்ட் ரிப்போர்ட்ல நம்பர்கள் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா அம்மா நடிக்கிறாங்கன்னு அர்த்தமா?

வணக்கம்ங்க. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், நான் புரிஞ்சுக்கிட்டதை முதல்ல திருப்பி சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அம்மாவுக்கு 62 வயசு, எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, இருபது வருஷத்துக்கு மேல வீட்லயே மெஷின் போட்டு பிளவுஸ் தச்சு உங்களையெல்லாம் படிக்க வச்சவங்க. அப்பா தவறி பதினோரு மாசம் ஆகுது, அதுக்கப்புறம்தான் மறதி ஜாஸ்தியாச்சு, அடுப்புல பால் வச்சுட்டு மறந்துடறாங்க, சொன்னதையே திரும்ப கேக்குறாங்க. நியூரோ டாக்டர் டெஸ்ட்டுக்கு அனுப்பினாரு, மூணு மணி நேரம் பண்ணாங்க, ரிப்போர்ட்ல வார்த்தை லிஸ்ட்டை அரை மணி நேரம் கழிச்சு ஞாபகப்படுத்தி சொல்றது 42வது பெர்சென்டைல், ஆனா அதே வார்த்தைகளை கேட்டு 'இது இருந்துச்சா இல்லையா'ன்னு அடையாளம் சொல்றது 5க்கும் கீழ. நம்பர்களை நேரா திருப்பி சொல்றதுல 4, தலைகீழா சொல்றதுல 5. படம் பாத்து வரையறது 5க்கும் கீழ, அதே படத்தை ஞாபகத்துலேர்ந்து வரையறது 30. மோக்கா (ஞாபகம், கவனம் எல்லாத்தையும் சட்டுனு பாக்கற சின்ன டெஸ்ட்) ஸ்கோர் 30க்கு 21. கடைசியில 'ஸ்கோர்கள் முரண்பாடா இருக்கு, மறுபடி பரிசோதிக்கவும்'னு ஒரு வரி. அதைப் பாத்துட்டு உங்க அத்தை 'எல்லாம் நடிப்பு, பிள்ளைங்க கூடவே இருக்கணும்னு பண்றா'ன்னு சொல்லிட்டாங்க, உங்க அண்ணன் 'இது டிமென்ஷியாதான்'னு முடிவே பண்ணிட்டாரு. நீங்க கேட்டிருக்கிறது இந்த நம்பர்களுக்கு என்ன அர்த்தம்னு. ஆனா படிக்கும்போது எனக்கு தோணினது, உங்க மனசுல ஓடுற கேள்வி 'அம்மாவை நம்பலாமா'ங்கறதுதான். ரெண்டுக்கும் சேத்தே பதில் சொல்றேன்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், எம்.ஃபில் முடிச்சுட்டு ஆஸ்பத்திரி நியூரோ டிபார்ட்மென்ட்டோட சேந்து பதினேழு வருஷமா இந்த மாதிரி டெஸ்ட்டுதான் பண்ணிட்டு இருக்கேன். ஆனா உங்க அம்மாவை நான் பாத்ததில்ல, அவங்க பதில் சொன்ன விதத்தை கேட்டதில்ல, இந்த வேலையில அது பெரிய குறை, ஏன்னா நம்பரை விட அந்த நம்பர் எப்படி வந்துச்சுங்கறதுதான் பாதி விஷயம். அதனால உறுதியா சொல்லக்கூடியதை உறுதியா சொல்றேன், ஊகமா இருக்கறதை ஊகம்னே சொல்றேன்.

முதல்ல உறுதியான ஒரு விஷயம். கம்மியா ஸ்கோர் வர்றதுக்கு நூறு காரணம் இருக்கலாம், காது கேக்கல, கண்ணாடி போடல, தூக்கம் இல்ல, பயம், கேள்வி புரியல, மூளையில நிஜமாவே பிரச்சனை, எது வேணா இருக்கலாம். ஆனா நல்ல ஸ்கோர் வர்றதுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்தான், அந்த ஆளால அதை செய்ய முடியுது. அரை மணி நேரத்துக்கு முன்னாடி கேட்ட வார்த்தைகளை யாரும் எடுத்துக் கொடுக்காம தானே சொல்றதை நடிக்கவும் முடியாது, குருட்டு அதிர்ஷ்டத்துல செய்யவும் முடியாது. உங்க அம்மா அதுல 42வது பெர்சென்டைல், அதாவது அவங்க வயசு, அவங்க படிப்பு இருக்கற நூறு பேரை வரிசையில நிக்க வச்சா கீழேர்ந்து 42வது ஆளா நிக்கறாங்க, சரியா நடுவாந்தரம். இந்த ரிப்போர்ட்டை என் மேஜையில வச்சா நான் முதல்ல விரல் வைக்கறது அந்த 42 மேலதான். நீங்களும் உங்க வீட்ல எல்லாரும் கீழ இருக்கற நம்பர்களை மட்டும் பாத்துட்டு இருக்கீங்க.

அடுத்தது, கீழ இருக்கற நம்பர்கள் எவ்வளவு சகஜம்ங்கறது. ஒரே ஒரு டெஸ்ட் வச்சா 5வது பெர்சென்டைலுக்கு கீழ வர்றவங்க நூத்துக்கு அஞ்சு பேர்தான், சரி. ஆனா மூணு மணி நேரத்துல உங்க அம்மாவுக்கு குறைஞ்சது இருபது ஸ்கோராவது வந்திருக்கும். இருபதும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாத டெஸ்ட்டா இருந்தா, முழு ஆரோக்கியமா இருக்கற ஒருத்தருக்கே அதுல ஒண்ணாவது 5க்கு கீழ போறதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு, கால்குலேட்டர்ல 0.95ஐ இருபது தடவை பெருக்கி 1லேர்ந்து கழிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல நிறைய பேர் பயன்படுத்தற நிம்ஹான்ஸ் பேட்டரியில, அதாவது பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில உருவாக்கின டெஸ்ட் தொகுப்புல (மேனுவல் 2004ல வந்தது, வயசு, படிப்பு, ஆண் பெண்ணுன்னு பிரிச்சு நார்ம்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பாக்கற அளவுகள், குடுத்திருப்பாங்க) 15வது பெர்சென்டைலை கோடா வச்சுதான் குறைபாடுன்னு சொல்வாங்க, அந்த கணக்குல போட்டா 96 சதவீதம். நிஜத்துல டெஸ்ட்டுகளுக்குள்ள தொடர்பு இருக்கறதால இவ்வளவு வராது, ஆனா ஒண்ணு ரெண்டு கம்மி ஸ்கோர் இல்லாத ரிப்போர்ட்டை நான் பாத்தது ரொம்ப அபூர்வம்.

முரண்பாடுங்கறதும் அப்படித்தான். 2003ல அமெரிக்காவுல ஷ்ரெட்லன்ங்கறவரும் கூட இருந்தவங்களும் 197 ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு கட்டு டெஸ்ட் வச்சு ஒவ்வொருத்தரோட அதிகபட்ச ஸ்கோருக்கும் குறைஞ்சபட்ச ஸ்கோருக்கும் எவ்வளவு தூரம்னு அளந்தாங்க. மூணுல ரெண்டு பேருக்கு அந்த தூரம் மூணு ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு (சராசரியிலேர்ந்து ஸ்கோர்கள் எவ்வளவு பரவி நிக்குதுன்னு சொல்ற அளவு) மேல இருந்துச்சு. மூணு டீவியேஷன்னா, ஒண்ணுல வகுப்புல முதல் பத்துக்குள்ள வர்ற பையன் இன்னொண்ணுல கடைசி பெஞ்சுல இருக்கற மாதிரி, அவ்வளவு தூரம். யாருக்கும் வியாதி கிடையாது. மனுஷ மூளை எல்லா வேலையிலயும் ஒரே உயரத்துல இருக்காதுங்க. உங்க அம்மாவையே எடுத்துக்கோங்க, அளவு ஜாக்கெட்டை ஒரு தடவை பாத்துட்டு துணியை வெட்டற கையி, ரேஷன் கார்டு ஃபாரத்தை நிரப்ப சொன்னா திணறும், அது புதுசா வந்த முரண்பாடு இல்லையே.

இன்னொண்ணு, பெர்சென்டைல்ங்கறது ஆணி அடிச்ச மாதிரி ஒரு இடத்துல நிக்கற விஷயம் கிடையாது. ரிலையபிலிட்டி (திரும்ப அளந்தாலும் எவ்வளவு ஒரே மாதிரி வரும்ங்கறது, 1 தான் உச்சம்) 0.80 இருக்கற ஒரு டெஸ்ட்ல, அது மோசமில்லாத டெஸ்ட்தான், 5வது பெர்சென்டைல்னு வந்தா அந்த ஆளோட நிஜ இடம் 1க்கு கீழேர்ந்து 22 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். ரிப்போர்ட்ல ஒத்தை நம்பரா போடும்போது இந்த அகலம் தெரியறதில்ல, அதுல எனக்கு ரொம்ப நாளா வருத்தம் உண்டு, ஏன்னா குடும்பத்துக்காரங்க அந்த நம்பரை வச்சுத்தான் ஒரு மனுஷியை பத்தி முடிவு எடுக்கறாங்க.

சரி, உங்க ரிப்போர்ட்ல இருக்கற மூணு வினோதத்துக்கு வர்றேன். முதல் வினோதம்தான் பெருசு, அதாவது தானா ஞாபகப்படுத்தி சொல்றது நல்லா இருக்கு, அடையாளம் சொல்றது மோசமா இருக்கு. பொதுவா இது தலைகீழாத்தான் இருக்கணும். கடைக்கு என்ன வாங்கப் போனோம்னு மறந்துடும், கடையில சாமானை பாத்ததும் 'ஆமா இதுதான்'னு வந்துடும், ரெகக்னிஷன் எப்பவும் சுலபம். அப்ப எப்படி இது கவுந்துச்சு? நான் முதல்ல சந்தேகப்படறது கணக்கு. ரெகக்னிஷன் ரொம்ப சுலபமா இருக்கறதாலேயே ஆரோக்கியமானவங்க பெரும்பாலும் 15க்கு 13, 14, 15னு எல்லாரும் உச்சியில நெருக்கி நிக்கறாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் மூணு நாலு வார்த்தையை விட்டா போதும், பெர்சென்டைல் படிக்கட்டுல ஒரேயடியா உருண்டு 5க்கு கீழ போயிடும். தானா சொல்ற டெஸ்ட்ல மக்கள் பரவலா நிக்கறாங்க, 6 சொல்றவங்களும் உண்டு 13 சொல்றவங்களும் உண்டு, அங்க ரெண்டு வார்த்தை கூடக் குறைய இருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. அதனால பெர்சென்டைல்ல 42க்கும் 5க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்சாலும், ராவா, அதாவது வார்த்தைகளை மட்டும் எண்ணிப் பாத்தா அம்மா தானா 9 சொல்லி, அடையாளம் 11 சொல்லியிருக்கலாம். அப்படி இருந்தா முரண்பாடே கிடையாது. ராவா எத்தனைன்னு நீங்க போடல, ரிப்போர்ட்ல இல்லைன்னு நினைக்கறேன், அதனால இது ஊகம்தான், ஆனா என் அனுபவத்துல இந்த ஊகம் நிறைய தடவை சரியா இருந்திருக்கு.

இன்னொரு வாய்ப்பு, அம்மா எல்லாத்துக்கும் 'இருந்துச்சு இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்கலாம். இந்த டெஸ்ட்ல நடுவுல வேற ஒரு லிஸ்ட்டும் படிப்பாங்க, சில வெர்ஷன்ல அடையாளம் கேக்கும்போது அந்த ரெண்டாவது லிஸ்ட் வார்த்தைகளும் கலந்து வரும். 'முதல் லிஸ்ட்ல இருந்துச்சா'ன்னு கேக்கறது சரியா புரியாம, 'இன்னைக்கு இந்த ரூம்ல கேட்டீங்களா'ன்னு எடுத்துக்கிட்டா, ரெண்டாவது லிஸ்ட் வார்த்தைக்கெல்லாம் ஆமான்னுதான் சொல்வாங்க, அது மறதி இல்ல, கேள்வி புரிஞ்ச விதம். இதுக்கு நேர் எதிரா, தப்பா சொல்லிடக்கூடாதுன்னு பயந்து சந்தேகம் இருக்கறதுக்கெல்லாம் 'இல்ல'ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, பள்ளிக்கூடத்துல தப்பு சொன்னா அடி விழும்ங்கற ஞாபகம் அறுபது வயசுலயும் போகாது. இந்த மூணுல எதுன்னு பிரிக்க ஒரே வழி, சரியா 'ஆமா' சொன்னது எத்தனை, தப்பா 'ஆமா' சொன்னது எத்தனைன்னு தனித்தனியா பாக்கறது. அதோட இது டெஸ்ட்டோட கடைசியில வர்ற பகுதி, மூணு மணி நேரம் உக்காந்த சர்க்கரைக்காரங்க அம்மா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் எனக்கு தெரிஞ்சுக்கணும்.

நம்பர் திருப்பி சொல்ற டெஸ்ட். நேரா சொல்றது சுலபம், தலைகீழா சொல்றது கஷ்டம், பெரும்பாலானவங்களுக்கு நேரா சொல்றது ஒண்ணு ரெண்டு கூட வரும். அம்மாவுக்கு 4, 5. ஆனா இது ஒரே ஒரு நம்பர் வித்தியாசம்ங்க. நேரா சொல்றதுதான் முதல்ல வரும், அப்ப பதட்டம் உச்சத்துல இருக்கும், தலைகீழா வர்றப்ப ரூம் பழகியிருக்கும். அதோட நம்ம ஊர்ல ஒரு தனி சிக்கல் உண்டு. தமிழ்லயே பேசறவங்க கூட ஃபோன் நம்பரை மட்டும் 'நைன் எய்ட் ஃபோர்'னு இங்கிலீஷ்லதான் சொல்றாங்க, ஒத்தை ஒத்தை நம்பரா காதுல விழறது பழகினதே இங்கிலீஷ்லதான். டெஸ்ட்ல 'ஏழு, ரெண்டு, எட்டு'ன்னு தமிழ்ல படிச்சா சிலருக்கு அது அந்நியமா இருக்கு, ஏழும் எட்டும் லேசா காது மந்தமானவங்களுக்கு குழம்பிடுது. நான் இப்பல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 'உங்க ஃபோன் நம்பரை சொல்லுங்க'ன்னு கேட்டு எந்த மொழியில சொல்றாங்களோ அதுலயே கொடுக்கறேன், கொடுத்த மொழியை ரிப்போர்ட்ல எழுதியும் வைக்கறேன். இந்த 4க்கும் 5க்கும் அர்த்தம் தேட வேண்டியதில்லைன்னு ஓரளவு தைரியமாவே சொல்வேன்.

படம் வரையறது: பாத்து வரையறது 5க்கு கீழ, ஞாபகத்துலேர்ந்து வரையறது 30. 'கண்ணு முன்னாடி இருக்கும்போது வரைய முடியல, மறைச்சுட்டா நல்லா வரையறாங்களா'ன்னு உங்க அண்ணன் கேட்டதா எழுதியிருந்தீங்க. நல்லா வரையல, ரெண்டாவது தடவையும் முதல் தடவையை விட கம்மியாத்தான் வரைஞ்சிருப்பாங்க. ரேவோட சிக்கலான படம்னு ஒண்ணு, 36 மார்க்குக்கு போடுவாங்க, பாத்து வரையும்போது பெரும்பாலானவங்க 30க்கு மேல வாங்கிடுவாங்க, ஞாபகத்துலேர்ந்து வரையும்போது பெரும்பாலானவங்களுக்கு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடும். ஒருத்தர் பாத்து வரைஞ்சு 26, ஞாபகத்துல 15ன்னு வச்சுக்குவோம், முதலாவது அடி மட்டத்துலயும் ரெண்டாவது நடுவுக்கு பக்கத்துலயும் வரும், மேல ரெகக்னிஷன்ல சொன்ன அதே கணக்குதான். பாத்து வரையறதுல ஏன் குறைஞ்சுதுன்னா, படிக்கற கண்ணாடி போட்டிருந்தாங்களா? பென்சில் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? சாக்பீஸ்ல துணி மேல கோடு போடற கையி பேப்பர்ல கோடு போடறதுக்கு பழகியிருக்கும்னு நினைக்க வேண்டாம், ஸ்கேல் இல்லாம சின்னச் சின்ன முக்கோணம் எல்லாம் நுணுக்கமா போடறது பள்ளிக்கூடத்துல நிறைய வருஷம் இருந்தவங்களுக்கு வர்ற பழக்கம். ஆனா இதுல ஒரு இடம் சந்தேகமா விட்டு வைக்கறேன். இடம், வடிவம் புரியறதுல பிரச்சனை வர்ற சில நோய்கள் இருக்கு, அதுல பாத்து வரையறதுதான் முதல்ல கெடும். அம்மா இப்பவும் அளவு எடுத்து வெட்டி கை சேக்கறாங்களா, சுருக்கு, டக் எல்லாம் சரியா வருதா? அது சரியா வருதுன்னா எனக்கு அந்தப் படத்தை விட அந்த பிளவுஸ்தான் பெரிய சாட்சி. தைக்கறதுல கோணல் வர ஆரம்பிச்சிருக்குன்னா, நியூரோ டாக்டர்கிட்ட அதை கண்டிப்பா சொல்லணும்.

மோக்கா 21ஐ பத்தி நீளமா பேச வேண்டியதில்ல. 2005ல கனடாவுல வந்த டெஸ்ட், 26க்கு கீழன்னா கவனிக்கணும்னு அங்க வச்ச கோடு, பன்னெண்டு வருஷமோ அதுக்கு கீழயோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் கூட்டுவாங்க. அந்த கோடு ரொம்ப மேல இருக்கு, நல்லா இருக்கறவங்களையும் நோயாளியாக்குதுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் 23ன்னு சொன்னாங்க. எட்டாவது படிச்ச 62 வயசுக்காரங்களுக்கு 21ங்கறதை வச்சு நான் ஒரு முடிவும் எடுக்க மாட்டேன். இது நம்ம நாட்டுல புதுசா தெரிஞ்ச விஷயமும் இல்ல, ஹரியானாவுல பல்லப்கர்ங்கற ஊர்ல எழுதப் படிக்க தெரியாத கிராமத்துப் பெரியவங்களுக்கு வெளிநாட்டு டெஸ்ட் ஒத்து வரலைன்னுதான் 1990கள்லயே ஹிந்தியில தனியா ஒண்ணை உருவாக்கினாங்க.

இப்ப அத்தை சொன்ன 'நடிப்பு'. எங்க துறையில ஸ்கோர் நம்பத்தக்கதான்னு பாக்கறதுக்குன்னே தனி டெஸ்ட்டுகள் இருக்கு. அதோட பேரையும் எப்படி இருக்கும்ங்கறதையும் பொதுவுல எழுதக்கூடாது, எழுதினா அந்த டெஸ்ட்டே செத்துப்போயிடும், அதனால அடிப்படையை மட்டும் சொல்றேன். ரெண்டுல ஒண்ணை தேர்ந்தெடுக்கணும்னா கண்ணை மூடிக்கிட்டு சொன்னாலும் பாதி சரியா வரும், நாணயம் சுண்டற மாதிரி. பாதிக்கும் ரொம்ப கீழ ஒருத்தர் போறாருன்னா சரியான விடை தெரிஞ்சுதான் தவிர்க்கறாருன்னு ஓரளவு சொல்லலாம். அது ஒண்ணுதான் வேணும்னே பண்றதுக்கு வலுவான அடையாளம், மத்தபடி முரண்பாடான ஸ்கோர்னா 'இந்த நம்பரை அப்படியே நம்பாதீங்க'ன்னு மட்டும்தான் அர்த்தம், ஏன்ங்கறது அதுல எழுதியிருக்காது. வலி இருந்தாலும், ராத்திரி தூங்காம இருந்தாலும், 'எனக்கு என்னவோ ஆயிடுச்சு'ன்னு பயம் நெஞ்சை அடைச்சாலும் அதே மாதிரி வரும். 2002ல அமெரிக்காவுல நியூரோசைக்காலஜிஸ்ட்டுகள்கிட்ட முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கேஸ்களை வச்சு ஒரு சர்வே எடுத்தாங்க, விபத்து நஷ்டஈடு கேட்டு வந்தவங்கள்ல நூத்துக்கு 29 பேர் மிகைப்படுத்தறாங்கன்னு அவங்க நினைச்சாங்க, வழக்கு எதுவும் இல்லாம வைத்தியத்துக்கு வந்தவங்கள்ல 8. உங்க அம்மாவுக்கு கோர்ட் கேஸும் இல்ல, பென்ஷன் க்ளெய்மும் இல்ல. அதுக்கு மேல, நடிக்கணும்னு நினைக்கற ஒருத்தங்க மறதின்னு காட்ட எதை முதல்ல கெடுப்பாங்க? தானா வார்த்தை சொல்றதைத்தான், 'ஒண்ணுமே ஞாபகம் வரல'ன்னு சொல்லிட்டா போதுமே. அதுல நடுவாந்தரமா வாங்கிட்டு, வெளிய யாருக்கும் புரியாத ரெகக்னிஷன்ல கோட்டை விடுவாங்களா? அத்தைகிட்ட இதை நீங்க பொறுமையா எடுத்து சொல்லலாம். புருஷன் போன வீட்ல தனியா இருக்கற ஒருத்தங்களை நடிக்கறான்னு சொல்றது சின்ன வார்த்தை இல்ல.

இதுல நானே தப்பு பண்ணினவன். வேலைக்கு சேந்த மூணாவது வருஷம்னு நினைக்கறேன், எழுபது வயசு பெரியவர் ஒருத்தர், காதுல கேட்டு செய்யற டெஸ்ட்டெல்லாம் படு மோசம், பாத்து செய்யறதெல்லாம் அருமை. புத்தகத்துல படிச்சது அப்படியே கண்ணு முன்னாடி வந்த சந்தோஷத்துல, மூளையோட இடது பக்கம் டெம்போரல் லோப்ல (காதுக்கு மேல இருக்கற பகுதி) பிரச்சனை இருக்கலாம்னு நீளமா எழுதிட்டேன். அந்தக் குடும்பம் ரெண்டு வாரம் தூங்கல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் அவரோட வீட்டம்மா வெளிய உக்காந்து பேசிட்டு இருக்கும்போது 'டிவியை தெருவே கேக்கற மாதிரி வைக்கறாரு'ன்னு சொன்னாங்க, காது டாக்டர்கிட்ட அனுப்பினா ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிருக்கு. அவரு வாயசைவை பாத்து தலையாட்டிட்டு இருந்திருக்காரு, நான் பேப்பரை பாத்து குனிஞ்சு படிச்சிட்டு இருந்திருக்கேன். அன்னைலேர்ந்து காதும் கண்ணும் பாக்காம ஒரு டெஸ்ட்டும் ஆரம்பிக்கறதில்ல.

அதுக்காக வினோதமான ஸ்கோர் எல்லாமே பொய்யின்னும் நினைக்கக்கூடாது, சில சமயம் வினோதம்தான் உண்மை. ஹென்றி மொலேசன்னு ஒருத்தர், அமெரிக்காவுல, வலிப்பு நோய்க்காக 1953ல மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ்ங்கற, புது ஞாபகங்களை பதிய வைக்கற பகுதியை எடுத்துட்டாங்க. 1955ல டெஸ்ட் பண்ணும்போது அவரோட ஐக்யூ 112, சராசரிக்கு மேல, மெமரி ஸ்கோர் 67. தேதி கேட்டா 1953 மார்ச்னு சொன்னாரு, வயசு 27ன்னாரு. ஒரே தலைக்குள்ள 45 பாயின்ட் வித்தியாசம், அதுவரைக்கும் ஞாபகமும் புத்தியும் இப்படி பிரியும்னு அவ்வளவு தெளிவா யாரும் பாத்ததில்ல. ஆனா அதை எப்படி நம்பினாங்கன்னு பாருங்க, எந்த வகை டெஸ்ட் வச்சாலும் ஞாபகம் மட்டும்தான் விழுந்துச்சு, திரும்ப வச்சாலும் அப்படியேதான், இப்பதான் பேசிட்டு போன ஆளை மறுபடி பாத்தா தெரியாது, வாழ்க்கையும் டெஸ்ட்டும் ஒரே கதையை சொல்லுச்சு. உங்க அம்மா ரிப்போர்ட்ல அந்த ஒத்துமை இல்ல, ஒரு ஞாபக ஸ்கோர் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது.

அப்ப வீட்ல நடக்கற மறதி? அது நிஜம், அதை நான் கொஞ்சமும் குறைச்சு பேசல. அப்பா போன துக்கம், தூக்கமின்மை, அதுக்கு போடற தூக்க மாத்திரை (நீங்க சொன்ன அல்பிரசோலாம் அந்த வயசுல ஞாபகத்தையும் கவனத்தையும் மந்தமாக்கும், இது நல்லா தெரிஞ்ச விஷயம், ஆனா பட்டுனு நிறுத்தினா ஆபத்து, டாக்டர் சொல்லித்தான் படிப்படியா குறைக்கணும்), ஒன்பது வருஷமா சர்க்கரைக்கு போடற மெட்ஃபார்மின், அது நாள்பட போட்டா பி12 குறையலாம், பி12 குறைஞ்சா மறதி வரும், தைராய்டு, உடம்புல சோடியம், இதெல்லாம் பாத்தாச்சான்னு நீங்க எழுதல. மனச்சோர்வுல பொதுவா வேகமும் கவனமும்தான் அடிபடும், பாலை அடுப்புல மறக்கறது அதுக்கு பொருந்துது. ஆனா மனச்சோர்வு இந்த ரெகக்னிஷன் ஸ்கோரை விளக்குதான்னா, நேர்மையா சொன்னா இல்ல, அதுல ரெகக்னிஷன் ஓரளவு தப்பிச்சிக்கும். அதே மாதிரி அல்சைமர்ல வழக்கமா அரை மணி நேரம் கழிச்சு சொல்றதுதான் முதல்ல இடிஞ்சு விழும், எடுத்துக் கொடுத்தாலும் வராது, அம்மாவுக்கு அது நிக்குது. அதனால அண்ணன் சொல்றதுக்கும் இந்த ரிப்போர்ட்ல ஆதாரம் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன், ரொம்ப ஆரம்பத்துல இருக்கற நோய் ஒரு டெஸ்ட்ல மாட்டாம போகலாம், முன்னாடி அபாரமான ஞாபகசக்தி இருந்தவங்க குறைஞ்சு நடுவாந்தரத்துக்கு வந்திருந்தாலும் 42ன்னுதான் காட்டும். முப்பது வாடிக்கைக்காரங்க அளவை நோட்டு பாக்காம சொன்னவங்களா இருந்தா அதை டெஸ்ட் பண்ணினவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும், பேப்பருக்கு அது தெரியாது.

என்னை கவலைப்பட வைக்கறது எதுன்னா, தெரிஞ்ச தெருவுல வழி தப்பறது, காசு கணக்கு குழம்பறது, தினமும் வைக்கற சாம்பார் வரிசை மாறிப்போறது, ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்ததை விட இப்ப மோசம்னு கூட இருக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றது. தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, 'மறதி ஜாஸ்தி'ன்னு எழுதாம என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. ஓரிரு நாள்ல திடீர்னு குழப்பம் வந்தா, பேச்சு குழறினா, கை கால் இழுத்தா, காய்ச்சலோட பிதற்றினா அது டெஸ்ட் விஷயமே இல்ல, அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

மறுபடி டெஸ்ட் எடுக்கறதை அடுத்த வாரமே பண்ணாதீங்க, அதே வார்த்தைகள் ஞாபகம் இருந்து ஸ்கோர் பொய்யா ஏறும். ரத்தப் பரிசோதனை, தூக்கம், மாத்திரை இதையெல்லாம் சரி பண்ணிட்டு ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள, முடிஞ்சா வேற வார்த்தை லிஸ்ட் இருக்கற வெர்ஷன்ல, காலையில, சாப்பிட்டதும், ரெண்டு நாளா பிரிச்சு. கண்ணாடியை எடுத்துட்டு போங்க, காதை முன்னாடியே காட்டிடுங்க. வீட்ல வச்சு நம்பர் சொல்லு, வார்த்தை சொல்லுன்னு பயிற்சி மட்டும் குடுக்காதீங்க, அக்கறையில நிறைய பிள்ளைங்க பண்றாங்க, அது அளவுகோலையே கெடுத்துடும், அம்மாவுக்கும் வீடே பரீட்சை ஹாலா மாறிடும்.

இப்போதைக்கு டெஸ்ட் பண்ணினவங்களுக்கு ஃபோன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அவங்களும் நல்லபடியாவே சொல்வாங்க, மறு பரிசோதனைன்னு எழுதினதே அவங்க அவசரப்படாம யோசிச்சிருக்காங்கன்னு காட்டுது. ரெகக்னிஷன்ல சரியா 'ஆமா' எத்தனை, தப்பா 'ஆமா' எத்தனை. எந்த வயசு, எந்த படிப்பு நார்ம்ஸோட ஒப்பிட்டாங்க. நம்பரை எந்த மொழியில படிச்சாங்க. பதில் கிடைச்சதும் அம்மா பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் விட்டுட்டு நம்பரை மட்டும் இங்க போடுங்க, நான் பாத்துட்டு எழுதறேன்.